தலை கவிழ்கிற இடம்

திருநெல்வேலி கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு என் அண்ணன் மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் காட்ட வேண்டும், அப்புறம் கோளரங்கக் காட்சி, கடைசியில் வெளியே பூங்கா என்று மனதுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். அவள் வளைந்த கண்ணாடிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். முக்கால் மணி நேரம்.

குண்டாகக் காட்டுவதும் ஒல்லியாகக் காட்டுவதும் அவளைக் கொஞ்சம் சிரிக்க வைத்தன, அவ்வளவுதான். உள்பக்கம் குழிந்த கண்ணாடிதான் பிடித்து நிறுத்தியது. கிட்டே போனால் முகம் பெரிதாக, நேராகத் தெரியும். பின்னால் நகர நகர அது பெருத்துக் கலங்கும். ஓர் இடத்தில் கண்ணாடி முழுக்க வெறும் கலங்கல்தான். அதையும் தாண்டினால் தலைகீழாகக் குட்டி முகம். அவள் முன்னும் பின்னும் நடந்தாள். பிறகு தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றித் தரையில் ஒரு கல்லின் ஓரத்தில் வைத்தாள்.

“அத்தை, இங்கன வச்சுதான் தல கவிழுது. நீங்க வந்து நில்லுங்க.”

நான் போய் நின்றேன். நான் உயரம், அதனால் எனக்கு வேறு கல்லாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். எனக்கும் அதே கிளிப் பக்கத்தில்தான் முகம் கவிழ்ந்தது. “உங்களுக்கும் அதே கல்லுதான்!” என்று அவள் கத்தியதில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பில் வளைவு மையம் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கண்ணாடியின் வளைவை முழு உருண்டையாக நீட்டிப் பார்த்தால், உருண்டையின் நடுப்புள்ளி எங்கே விழுமோ அதுதான் அவள் கிளிப் வைத்த இடம். அது கண்ணாடிக்குச் சொந்தமான இடம். பார்க்கிற ஆள் நெட்டையா குட்டையா என்பது அதற்குக் கணக்கில்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகு, ஒரு தலைக் கிளிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அது உறைத்தது.

கோளரங்கம் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். இரவு சாப்பிடும்போது அவள் எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்து, விரல் நுனியை அதற்குள் ஒட்டி வைப்பதும் கொஞ்சம் தள்ளி எடுப்பதுமாக இருந்தாள். ஒட்டி வைத்தால் விரல் நேராக, தள்ளினால் கவிழ்ந்து. சாம்பார் ஆறிப்போனதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் வாங்கிப் பார்த்தான்.

அந்த மையம் 1987இல் திறந்தது. நான் முதலில் அங்கே போனது ஐந்தாம் வகுப்பில், அம்பாசமுத்திரத்திலிருந்து பள்ளிக்கூடச் சுற்றுலாவாக. பள்ளியின் பெயர் வேண்டாம். வாசலில் இறங்கியதுமே, “கையக் கட்டிக்கிட்டு வரிசையா வரணும். ஒண்ணையும் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டார்கள். அறுபது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, முன்னால் போகிறவளின் ரெட்டைச் சடையைப் பார்த்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தோம். எனக்கு அந்த நாளில் நினைவிருப்பது புளியோதரைப் பொட்டலமும், பஸ்ஸிலிருந்து பார்த்த சுலோச்சன முதலியார் பாலமும் மட்டும்தான். கை வைத்துப் பார்ப்பதற்கென்றே கட்டிய இடத்தில் எங்கள் கைகளைக் கட்டி வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கசக்கிறது. பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று அந்த ஆசிரியைக்குப் பயம் இருந்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அறுபது பேரும் எதையோ இழந்துவிட்டுத்தான் திரும்பினோம்.

குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் என்ற எண்ணத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் புரூக்ளினில் 1899இல் திறந்ததைத்தான் உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் என்கிறார்கள். பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே எடுத்துக் குழந்தைகளின் கையில் கொடுப்பது பரவலானது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் 1960களில் மைக்கேல் ஸ்பாக் என்பவர் அதைச் செய்தார்.

என்னை அதிகம் இழுப்பது ஃபிராங்க் ஓப்பன்ஹைமரின் கதை. அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர். அரசியல் காரணமாகப் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாடு வளர்த்துப் பிழைத்தார். பிறகு அங்கேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். மறுபடி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல மாணவர்கள் தாங்களே எடுத்துச் செய்து பார்க்கும்படி சோதனைகளை அடுக்கி ஓர் அறை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சான்பிரான்சிஸ்கோவில் அவர் 1969இல் திறந்த எக்ஸ்புளோரடோரியம். அங்கே ஓவியர்களும் சிற்பிகளும் இசைக்காரர்களும் அறிவியலாளர்களோடு சேர்ந்தே காட்சிப்பொருள்கள் செய்தார்கள். உலகத்தைக் கவனிக்க அறிவியல் ஒரு வழி என்றால் கலையும் ஒரு வழி என்பது அவர் நம்பிக்கை.

நம் நாட்டில் கொல்கத்தா பிர்லா அருங்காட்சியகம் 1959இல் வந்தது. அறிவியல் அருங்காட்சியகங்களுக்கான தேசியக் குழு 1978இல் அமைந்தது. பெருநகரத்தில் இருப்பது சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மாவட்ட மையங்களைத் தொடங்கினார்கள். முதலாவது 1982இல் வங்காளத்துப் புருலியாவில். அந்த வரிசையில்தான் ஐந்து வருடம் கழித்து நம் தாமிரபரணிக் கரைக்கும் ஒன்று வந்தது. சென்னையையும் மதுரையையும் பார்க்காத எத்தனையோ நெல்லைப் பிள்ளைகள் இந்த மையத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சமான விஷயமாக நான் நினைக்கவில்லை.

சரி, அந்தக் கிளிப் எனக்குக் கொடுத்த யோசனைக்கு வருகிறேன். அந்தக் கோடை விடுமுறைக்கு அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டில் ஒரு மாதம் இருந்தோம். வாசலை ஒட்டிய முன்கூடமான தார்சாவைக் காலி செய்து தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டேன். பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. ஒரு பழைய சைக்கிள் சக்கரம், இரண்டு குழிக்கரண்டி, உடைந்த கட்டிலின் இரும்புக் குழாய்கள், காருகுறிச்சியிலிருந்து வாங்கி வந்த ஒரு சாக்கு மண்பாண்டக் களிமண், பனையோலை, கோலத்துக்குக் காவி, கயிறு, கத்தரி. ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: யாராவது கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை கையை நீட்டுவதற்குள் பெரியவர்கள் விளக்கம் சொல்லி முடித்துவிடுகிறோம். கொக்கிரகுளத்திலும் அதைத்தான் பார்த்தேன். அப்பாக்கள் பலகையைச் சத்தமாகப் படிக்கிறார்கள், பிள்ளையின் கண் வேறெங்கோ போய்விடுகிறது. பலகையை அப்புறம் படிக்கலாம். அது எங்கேயும் ஓடிவிடாது.

மே மாதம் ஆதலால் நுங்குக்குக் குறைவில்லை. நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் பனங்காய் இரண்டை எடுத்து நடுவில் ஒரு கம்பு குத்தி, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடுகிற நுங்கு வண்டியை இந்தப் பக்கத்தில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒன்பது பேரில் ஒருவனின் வண்டி மட்டும் நேராகப் போகவில்லை. எப்படித் தள்ளினாலும் இடது பக்கமே வளைந்தது. மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தான். இடது பக்கக் காய் சின்னது, வலது பக்கக் காய் பெரியது. இரண்டும் ஒரே கம்பில் இறுகி இருப்பதால் சேர்ந்துதான் சுற்ற முடியும். ஒரு சுற்றில் பெரியது அதிக தூரம் ஓடும், சின்னது கொஞ்ச தூரம்தான் ஓடும். அதனால் சின்னதன் பக்கமே வண்டி திரும்பும்.

நான் பொறுக்கமாட்டாமல், “வேற காய் மாத்திக்கிடுதியாலே?” என்று கேட்டுவிட்டேன்.

“வேண்டாம் அத்தை. இது வட்டம் போடுது, இருக்கட்டும்.”

கிழிந்த வேட்டித் துணியை இரண்டு காயிலும் சுற்றிக் கட்டி, காவியில் முக்கி, சிமெண்ட் தெருவில் தள்ளினான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சிவப்பு வட்டம் விழுந்தது. ஸ்கேல் வைத்து அளந்தோம். பெரிய காய் 12 சென்டிமீட்டர், சின்னது 10, நடுவில் கம்பு 30. வெளி வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை 180 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வந்தது. கணக்குப் போட்டாலும் அதேதான் வருகிறது. என் அண்ணன் மகளுக்குச் சின்ன வட்டம் வேண்டும் என்றாள். கம்பைப் பாதியாக வெட்டினான், வட்டமும் பாதியாயிற்று. அப்புறம் புறப்படுகிற இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி, ஒன்றை ஒன்று வெட்டுகிற வட்டங்களாக ஒரு பூ வந்தது. பெண் பிள்ளைகள் இதழ்களுக்குள் கோலப்பொடி நிரப்பினார்கள். சாயங்காலம் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர்கள் அதை மிதிக்காமல் ஓரமாகவே போனார்கள்.

அந்தத் தெருவில் நடந்தது அறிவியல் வகுப்பா, ஓவிய வகுப்பா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கும் அது ஒரே வேலைதான்.

அடுத்த வீட்டுத் தாத்தா அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, அதாவது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கடைந்தவர். அம்மி, உரல், திருவை, குடம், அடுப்பு என்று எங்கள் தலைமுறைப் பெண்களுக்கெல்லாம் முதல் சமையலறை அவரைப் போன்றவர்கள் கையிலிருந்துதான் வந்தது. தினமும் எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நாள், “பிள்ளேளக் கூட்டிட்டுப் பட்டறைக்கு வாம்மா” என்றார். போனோம். கடைசல் பட்டறையில் கட்டையை மாட்டிச் சுற்ற விட்டு, உளியைக் கொடுத்ததும் சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. பிள்ளைகளுக்கு முதல் சந்தோஷம் அந்தச் சுருள்கள்தான், சட்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டார்கள்.

வண்ணம் போடும்போதுதான் எல்லோரும் அமைதியானார்கள். தூரிகையும் இல்லை, பெயிண்ட் டப்பாவும் இல்லை. நிறம் சேர்த்த அரக்குக் குச்சி ஒன்றை எடுத்து, சுற்றுகிற கட்டைமேல் அழுத்திப் பிடித்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டையைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். குச்சி நகரவே இல்லை, கோடு மட்டும் தானாகச் சுற்றி முடிந்துவிட்டது. “தாத்தா, நீங்க கைய அசைக்கவே இல்லியே?” என்று ஒருத்தி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தி அந்த வளையத்தைத் தொடச் சொன்னார். சூடு. தீ எங்கேயும் இல்லை. கட்டையும் குச்சியும் உரசிய சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் தங்கள் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அன்றைக்கு ஆளுக்கொரு பம்பரம் கிடைத்தது. அதில் தாங்கள் கேட்ட நிறத்தில் வளையம்.

இந்தக் கடைசல் பட்டறை கொக்கிரகுளத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் குழிக் கண்ணாடியின் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை போதும். இப்போது நம் ஊரில் அறிவியலுக்கு ஓர் இடம், கலைக்கு வேறோர் இடம். பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் என்றால் ஐந்து வயது முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. பழைய பொருள்களைப் பார்க்கப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாமே நல்ல இடங்கள், நான் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். ஆனால் நம்மூர்க் கைவேலைகள் எதிலும் அறிவியலும் அழகும் தனித்தனியாகக் கிடப்பதில்லை. பத்தமடைப் பாயின் கோடுகளில் எண்ணிக்கை இருக்கிறது. காருகுறிச்சிப் பானை சுற்றுகிற சக்கரத்தில் எழும்புகிறது. பூவரச இலையைச் சுருட்டி ஊதுகிற பீப்பிகூட, நீளமாகச் சுருட்டினால் கனத்த குரலும் குட்டையாகச் சுருட்டினால் கீச்சுக்குரலும் தருகிறது. அமெரிக்காவில் ஓப்பன்ஹைமர் கலைஞர்களைத் தேடி அழைத்து வந்தார். இங்கே அவர்கள் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள்.

தொட்டுப் பார்ப்பதைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, தொடக்கூடாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைப் பார்த்தவர்களுக்கு விரல் பரபரக்கும். ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தூண்களுமாகச் செதுக்கி, ஒவ்வொன்றும் வேறு சுரம் சொல்லும்படி அமைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தட்டிப் பார்த்தால் கல்லும் தேயும். அங்கே பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் சரி. என் அண்ணன் மகளிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். “அப்போ எங்க போயித் தட்டுறது அத்தை?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கட்டில் குழாய்களைத் தார்சாவுக்குக் கொண்டுவந்தேன்.

நான் சின்ன வயதில் கொஞ்சம் பாட்டுப் படித்தவள். தந்தியைப் பாதியில் அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே போகும், அதாவது அதிர்வு இரண்டு மடங்காகும் என்று தெரியும். குழாயும் அப்படித்தான் என்று நம்பி, ஒரு மீட்டர்க் குழாயின் ஜோடியைச் சரிபாதியாக அறுத்துக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினோம். சத்தம் எங்கோ மேலே போய்விட்டது. இரண்டு ஸ்தாயி ஏறியிருந்தது. தந்தி இழுவிசையில் அதிர்கிறது, குழாய் தன் விறைப்பிலேயே வளைந்து அதிர்கிறது. அதனால் நீளம் பாதியானால் அதிர்வு நான்கு மடங்காகிவிடுகிறது. ஒரே ஒரு ஸ்தாயி வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கு 71 சென்டிமீட்டர் போதும். மூன்று குழாய் வீணான பிறகுதான் இந்தக் கணக்குக்கு வந்தோம். ஆனால் அந்த மூன்றும் இருந்தால்தான் கேட்க நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் அவற்றையும் தொங்கவிட்டார்கள். அப்புறம் கோயிலுக்குப் போனபோது அண்ணன் மகள் தூணைத் தொடவில்லை. எந்தச் சின்னத் தூண் மெலிது, எது தடிமன், எது நீளம் என்று தள்ளி நின்று பார்த்து, எது கீச்சென்று கேட்கும் என்று காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள்.

விடுமுறை முடிந்து தார்சாவைக் கூட்டிக் கழுவினேன். தெருவில் போட்ட காவிப் பூ ஜூன் மாதச் சாரல் வரை இருந்தது. பட்டறைத் தாத்தா அடுத்த வருடத்துக்குக் கையால் சுற்றுகிற சின்னக் கடைசல் ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், பிள்ளைகளே சுற்றலாம். வீட்டில் பழைய கிணற்றுக் கப்பி, ஓடாத சைக்கிள், கீறல் விழுந்த முகம் பார்க்கும் கண்ணாடி கிடந்தால் ஆக்கருக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, போடாமல் எனக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

வட்டம் போட்ட பையன் போன வாரம் போனில் கூப்பிட்டான். இந்த வாட்டி சதுரம் போடுகிற வண்டி செய்ய வேண்டுமாம். அதற்குச் சக்கரத்தை எப்படி வெட்டுவது என்று நானும் இரண்டு நாளாகக் காகிதத்தில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பனங்காய் பன்னிரண்டு வேண்டும், அதில் நான்கு நான்கு ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.